டிக்கட் காசு பாடசாலை தரும் என்றார்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், என் சித்தியின் மகள் ஒரு வேலைக் கடிதத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஓமானில் ஒரு தனியார் பாடசாலை, ஆங்கில ஆசிரியை வேலை, இரண்டாண்டு ஒப்பந்தம். சம்பளம், தங்குமிடம், மருத்துவக் காப்புறுதி எல்லாம் ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தன. “அக்கா, டிக்கட் காசும் அவையளே தருவினமாம்” என்று அவள் சொன்னபோது முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்குப் பழக்கமானது. 2017 ஜனவரியில் மாலைதீவுக்குப் புறப்பட்டபோது நானும் அதே நிம்மதியோடுதான் இருந்தேன். ஆகவே கடிதத்தை வாங்கி, சம்பளப் பகுதியைத் தாண்டிப் போய், டிக்கட் பற்றிய வரியை மட்டும் மூன்று தரம் வாசித்தேன். விமானப் பயணச் செலவை நிறுவனம் வழங்கும் என்பதற்கு மேல் அதில் ஒரு சொல்லும் இல்லை. எப்போது வழங்கும், எந்த ஊர் வரை வழங்கும், திரும்பி வருவதற்கும் சேர்த்துத்தானா என்பதையெல்லாம் வாசிப்பவரின் நல்லெண்ணத்துக்கு விட்டிருந்தார்கள்.

அன்று அவளுக்குச் சொன்னவற்றையும், அவள் போன பின்பு நினைவுக்கு வந்தவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

டிக்கட் தருகிறோம் என்று எல்லாப் பாடசாலைகளும் ஒரே அர்த்தத்தில் சொல்வதில்லை. சில பாடசாலைகள் தாமே பயண முகவரிடம் டிக்கட்டை எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடும். உங்கள் கையிலிருந்து ஒரு சதமும் போகாது. வேறு சில, நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள், வந்ததும் பற்றுச்சீட்டையும் போர்டிங் பாஸ் துண்டையும் தந்தால் முதற்சம்பளத்தோடு தருகிறோம் என்னும். இன்னும் சில, தகுதிகாண் காலம் முடியட்டும் என்னும். அது பெரும்பாலும் மூன்று மாதம், ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டப்படி ஆறு மாதம் வரையும் போகலாம். ஒப்பந்தம் முழுவதும் முடிந்த பிறகுதான் டிக்கட் காசு என்பது கடைசி வகை. சீனாவின் தனியார் பாடசாலை ஒப்பந்தங்களில் இதனை அடிக்கடி காணலாம். முதலாவது வகையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும், இன்னும் ஒரு நாள்கூடக் கற்பிக்காத ஓர் ஆசிரியை, தன்னைவிடப் பன்மடங்கு பணமுள்ள ஒரு நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறாள். அந்தக் கடனைக் கொடுப்பதற்கு அவள் தன் தாயின் காப்பைச் செட்டியார் தெருவில் அடகு வைத்திருந்தால், அந்த வட்டி மட்டும் அவளுடையது. எந்தப் பாடசாலையும் அடகுச் சீட்டைப் பற்றுச்சீட்டாக ஏற்றுக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் சொந்தக் கதையில் பாடசாலை தானே டிக்கட் எடுத்து அனுப்பியது. அதாவது, நல்ல வகை. மாலைதீவுப் பாடசாலைகளில் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே போவது நெடுநாளைய வழக்கம். கட்டுநாயக்கவிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் போகும் நேரத்தில் கால்வாசிகூட இல்லை. இவ்வளவு கிட்டத்திலுள்ள நாட்டுக்குப் போவதற்குப் பயணச் செலவு என்று தனியாக ஒன்றைக் கணக்கிடவேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வியாழக்கிழமை மாலை போய் இறங்கினேன். மாலேயின் விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. இன்று அதனைத் தலைநகரோடு இணைக்கும் பாலம் 2018 இல்தான் திறக்கப்பட்டது, ஆகவே எங்களைப் படகில் ஏற்றித்தான் மாலேக்குக் கொண்டு சென்றார்கள். நான் கற்பிக்கவேண்டிய தீவு அங்கிருந்து தெற்கே, பயணிகள் தோணியில் பல மணி நேரத் தொலைவில் இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்த நாட்களில் வெள்ளிக்கிழமைகளில் வெளித்தீவுகளுக்குப் பொதுப் படகுச் சேவை ஓடுவதில்லை என்பதைத் துறைமுகத்தருகே தேநீர்க்கடை வைத்திருந்த ஒருவர்தான் சொன்னார். எங்கள் தீவுக்கான தோணி வாரத்தில் மூன்று நாட்களே போகும் என்பதையும், அடுத்தது ஞாயிறுதான் என்பதையும் அவரே சொன்னார். டிக்கட் எடுத்த பாடசாலை அலுவலருக்கு இது தெரியாதிருக்க நியாயமில்லை. வியாழன் டிக்கட் மலிவாக இருந்திருக்கும். அந்த மலிவின் மீதியை நான் மூன்று இரவு விடுதி வாடகையாகக் கட்டினேன்.

மாலே ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. அதற்குள் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருங்கி வாழ்கிறார்கள். அறைகள் சிறியவை, வாடகையோ பெரியது. ஜனவரி சுற்றுலாப் பருவத்தின் உச்சம் என்பதால் பேரம் பேசவும் இடமில்லை. அப்பா புறப்படும்போது அவசரத்துக்கென்று தந்த டொலர் தாள்கள், டொலருக்கு 150 ரூபா என்றிருந்த அந்தக் காலத்திலும் எங்கள் வீட்டுக்குப் பெரிய தொகை; அவை பாதிக்கு மேல் அங்கேயே கரைந்தன. தீவுக்குப் போய்ச் சேர்ந்ததும் அதிபரிடம் பற்றுச்சீட்டுகளை நீட்டினேன். அவர் நல்ல மனிதர். கோப்பிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, சர்வதேச விமானப் பயணம் என்ற சொற்களை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார்.

அதே விடுதியில் கேரளத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியரும் தங்கியிருந்தார். அவருக்குத் தெற்கே வெகுதொலைவில் வேலை. ஆனாலும் அவர் கையில் உள்நாட்டு விமான டிக்கட்டும், காத்திருக்கும் இரவுகளுக்கான விடுதிச் சீட்டும் வரும்போதே இருந்தன. அவருடைய ஒப்பந்தத்தில் “பணியாற்றும் தீவு வரை” என்று எழுதியிருந்ததாம். அவரைவிட என் சம்பளம் சற்றுக் கூட. முதல் ஆறு மாதத்தில் மிச்சம் பிடித்தவர் அவர்தான். பின்னர் ஒவ்வொரு பாடசாலை விடுமுறையிலும், தீவிலிருந்து மாலேக்கும் மாலேயிலிருந்து தீவுக்கும் என் காசிலேயே போய்வந்தேன். அவசரமென்றால் வேகப்படகு, அதன் கட்டணம் தோணியைப்போலப் பன்மடங்கு.

இதையெல்லாம் கேட்டபின் என் தங்கை கடிதத்தைத் திரும்பப் பார்த்தாள். அவளுடைய பாடசாலை இருப்பது சலாலாவில். தலைநகர் மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து மஸ்கட் வரை என்ற விலையை மட்டுமே அவள் இணையத்தில் பார்த்து வைத்திருந்தாள்.

டிக்கட்டுக்கு முன்பே ஆகும் செலவு ஒன்று இருக்கிறது. அதனைப் பல ஒப்பந்தங்கள் தொடுவதில்லை. கொழும்பில் ஆசிரிய வேலைக்காக வெளிநாடு போக நினைப்பவர் முதலில் போகும் ஊர் பத்தரமுல்லை. கடவுச்சீட்டுக்கான குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கே, சான்றிதழ்களை உறுதிப்படுத்தும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவும் அதே சுஹுருபாய கட்டடத்தில், க.பொ.த. பெறுபேறுகளை அத்தாட்சிப்படுத்தும் பரீட்சைத் திணைக்களமும், வேலைக்காகப் போகிறவர் பதிவுசெய்யவேண்டிய வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் அதே சுற்றுவட்டாரத்தில். கொள்ளுப்பிட்டியில் 177 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். பஸ் கட்டணம் ஒரு பொருட்டல்ல. ஆனால் பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்தில் சரிபார்ப்பதற்கு ஒரு நாள், அமைச்சில் ஒரு நாள், பின்னர் போகும் நாட்டின் தூதரகத்தில் ஒரு நாள், பொலிஸ் கிளியரன்ஸ், மருத்துவப் பரிசோதனை, பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணமும் அரை நாள் விடுமுறையும் போகும். மட்டக்களப்பிலிருந்து வரும் ஒருவருக்கு இதனோடு இரவு பஸ்ஸும் தங்குமிடமும் சேரும். யாழ்ப்பாணத்தில் கொன்சியூலர் பிரிவின் பிராந்திய அலுவலகம் இருப்பது அங்குள்ளோருக்கு ஓர் ஆறுதல்தான். இருந்தாலும் தூதரகத்துக்காக அவர்களும் கொழும்புக்கு வந்தே ஆகவேண்டும். நான் 2017 இல் எழுதி வைத்த கணக்குக் கொப்பி இன்னும் இருக்கிறது. அதில் விமான டிக்கட்டின் விலையையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன்: மொத்தச் செலவில் டிக்கட் பாதிக்கும் குறைவு.

பணியகப் பதிவை வீண்செலவு என்று நினைத்து, சுற்றுலா விசாவில் டுபாய்க்குப் போய் அங்கே வேலை தேடும் எண்ணம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. பதிவோடு வரும் காப்புறுதி கிடைக்காமற் போவது ஒருபுறம். பயணச் செலவைப் பொறுத்தவரை அதனால் வரும் நட்டம் வேறு. வளைகுடாப் பாடசாலைகள் பல, வெளிநாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர், உள்ளூரில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர் என்று ஆசிரியர்களை இரண்டாகப் பிரித்துத்தான் ஒப்பந்தம் எழுதுகின்றன. ஆண்டுக்கொரு முறை ஊர் போய்வரும் டிக்கட் முதலாவது பிரிவினருக்கு உரியது. சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்தவர் ஏற்கெனவே அந்த ஊரில் இருப்பவராகக் கணிக்கப்படுவார். ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தைக் கற்பித்தாலும், ஜூலை விடுமுறையில் பக்கத்து மேசைக்காரர் பாடசாலைக் காசில் ஊருக்குப் பறப்பதை அவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான்.

நாடுகளின் சட்டங்களிலும் சில விடயங்கள் எழுதப்பட்டுள்ளன. சவூதி அரேபியாவின் தொழிற் சட்டம், வெளிநாட்டிலிருந்து ஆளெடுக்கும் கட்டணங்களையும், வேலையுறவு முடிந்தபின் ஊர் திரும்பும் டிக்கட்டையும் தொழில் கொடுப்பவர் மீது சுமத்துகிறது. அமீரகத்தில் 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆள்சேர்ப்புச் செலவை ஊழியரிடம் அறவிடுவதைத் தடைசெய்கிறது. திரும்பிப் போகும் செலவையும் முதலாளியே ஏற்கவேண்டும் என்கிறது, ஆனால் ஊழியர் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாலோ அவருடைய தவறால் வேலை முடிந்தாலோ அது பொருந்தாது. இவற்றைக் கவனித்தால், சட்டங்கள் அதிகம் பேசுவது திரும்பும் டிக்கட்டைப் பற்றியே என்பது தெரியும். வேலை தேடுகிறவர்களோ போகும் டிக்கட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். போகும் டிக்கட்டுக்கு நமக்கு நேரம் இருக்கிறது, உறவினர் இருக்கிறார்கள், காப்பு இருக்கிறது. திரும்பும் டிக்கட் தேவைப்படும் நாளில் இவற்றில் ஒன்றும் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பதில்லை. எங்கள் தீவில் என்னோடு கற்பித்த ஒருவருடைய தாயார் பாடசாலைத் தவணையின் நடுவே காலமானார். ஆண்டுக்கொரு டிக்கட் அவருக்கும் இருந்தது. அது ஆண்டிறுதி விடுமுறைக்கு மட்டுமே செல்லும் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. கடைசி நேர விலையில் தானே டிக்கட் எடுத்துப் போனார். வேகப்படகுக்கான காசை நாங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து போட்டோம்.

இணையத்தில் இந்த விடயம் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி நம்முடைய கடவுச்சீட்டை நினைத்து எழுதப்பட்டதல்ல. தென்கொரிய அரசின் எபிக் என்ற ஆங்கில ஆசிரியர் திட்டம், வரும்போது 13 இலட்சம் வொன் நுழைவுக் கொடுப்பனவு தருகிறது. ஆறு மாதத்துக்குள் விலகினால் அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். விதி தெளிவானது, பாராட்டத்தக்கது. ஆனால் அங்கே ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஈ-2 விசா, அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டவரை மனதில் வைத்து அமைந்தது. 1987 இல் தொடங்கிய ஜப்பானின் ஜெட் என்ற இதேபோன்ற திட்டம் விமானப் பயணத்தைத் தானே ஒழுங்குசெய்கிறது. ஹொங்கொங்கின் தாய்மொழி ஆங்கில ஆசிரியர் திட்டம் போகவர டிக்கட்டோடு பயணப்பொதிக்கும் ஒரு கொடுப்பனவு தருகிறது. அதன் பெயரிலேயே நிபந்தனை இருக்கிறது. இந்தத் திட்டங்களில் போனவர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்துவிட்டு, டிக்கட் என்பது இயல்பாகவே கிடைப்பது என்ற எண்ணத்தோடு நம் பிள்ளைகள் பேரம் பேசாமல் கையெழுத்திடுகிறார்கள். அவர்களுக்கு ஓர் அரசு தருவதை நாம் ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்டுப் பெறவேண்டியிருக்கிறது.

டிக்கட் விலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். வளைகுடாப் பாடசாலைகள் ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும் திறக்கின்றன. விடுமுறைக்கு ஊர் வந்த குடும்பங்களும் அதே இரண்டு வாரத்தில்தான் திரும்புகின்றன. முன்கூட்டியே எடுத்தால் மலிவு என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆசிரியருக்கு அது வாய்ப்பதில்லை. விசா வரும்முன் டிக்கட் எடுத்தால், விசா ஒரு வாரம் பிந்தினாலே திருப்பித்தர மாட்டாத டிக்கட் காசு முழுவதும் போகும், விசா வந்தபின் எடுத்தால் உச்ச விலை. ஆகவே பொறுத்திருந்து உச்ச விலையில் எடுப்பதுதான் புத்தி. அந்த விலையைப் பாடசாலையே ஏற்கவேண்டும் என்று முன்பே எழுதி வாங்குவது அதைவிடப் புத்தி. சில ஒப்பந்தங்கள் டிக்கட் கொடுப்பனவை ஒரு குறித்த தொகையாகவே எழுதும். அந்தத் தொகை ஓகஸ்ட் விலையையா, பெப்ரவரி விலையையா பார்த்து எழுதப்பட்டது என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மலிவு விமான சேவைகளின் விலையில் பெரும்பாலும் கைப்பொதி மட்டுமே அடங்கும். பெட்டிக்குத் தனிக் காசு. ஆசிரியரின் முதற்பயணத்தில் பெட்டி ஒருபோதும் இலேசாக இருப்பதில்லை. புத்தகங்கள், சேலைகள், அதற்கு மேல் அம்மாவின் மிளகாய்த்தூள் இரண்டு கிலோ. விமான நிலையத்தில் எடை கூடிவிட்டது என்றால், வீட்டிலிருந்தே வாங்கியிருக்கக்கூடிய எடைக்கு இரட்டிப்பு விலை கொடுக்க நேரும்; பொதிக் கட்டணம் தனிப் பற்றுச்சீட்டாக வருவதால் பாடசாலைக் கணக்காளர் அதனை டிக்கட் என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார். சென்னை வழியாக இரண்டு தனித்தனி டிக்கட்டாக எடுத்தால் மலிவு என்று முகவர் சொன்னால், இடையில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க இந்தியாவுக்குள் நுழையவேண்டிவரும் என்பதையும் அதற்கு விசா வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

2022 இல் பட்ட பாட்டையும் மறக்க முடியாது. மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவளவில் இருந்தது, மே மாதமளவில் 360 ஐத் தொட்டது. என் பாடசாலையில் ஒருவர், மார்ச் தொடக்கத்தில் கேட்ட டிக்கட் விலைக்கு நகை விற்றுக் காசு சேர்த்துக்கொண்டு போனபோது, அந்தக் காசு பாதித் தூரத்துக்கே போதும் என்றிருந்தது. கொழும்பில் சேர்ந்த டிக்கட் காசை டொலராக்கித் தம் நாட்டுக்கு அனுப்ப முடியாமற் போனதால் வெளிநாட்டு விமான சேவைகள் மலிவு இருக்கைகளை இங்கே விற்பதைக் குறைத்துக்கொண்டன. அதே இருக்கையை லண்டனிலுள்ள அண்ணன் தன் அட்டையில் எடுத்துக் கொடுத்தபோது குறைவாக முடிந்தது. எரிபொருள் நிரப்பத் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் விமானங்கள் இறங்கிய காலம் அது. அந்த வருடம் போனவர்களில், பாடசாலையே டிக்கட் எடுத்து அனுப்பியவர்கள் மட்டும்தான் இந்தக் கணக்கு எதையும் அறியாமல் போனார்கள்.

கட்டுநாயக்க வரையான கடைசிச் செலவை நகைச்சுவையாகத்தான் சொல்லவேண்டும். கோட்டையிலிருந்து 187 ஆம் இலக்க பஸ்ஸில் மிகக் குறைந்த காசில் போய்விடலாம். ஆனால் நம் வீடுகளில் வழியனுப்ப வான் பிடிப்பார்கள். வானுக்குள் பெரியம்மா, மாமா, பக்கத்து வீட்டு அன்ரி என்று பன்னிரண்டு பேர், அதிவேகப் பாதைக் கட்டணம், திரும்பும் வழியில் நீர்கொழும்பில் சாப்பாடு. என்னுடைய கணக்குக் கொப்பியில் வான் கூலி, மாலேயில் ஓர் இரவு வாடகைக்குச் சமமாக இருக்கிறது. இதனைக் குறைக்கச் சொல்லி எவரையும் நான் வற்புறுத்தப்போவதில்லை, என்னாலும் முடியவில்லை.

அன்றிரவே தங்கையை உட்காரவைத்துப் பாடசாலைக்கு மின்னஞ்சல் எழுதச் செய்தேன். மூன்று கேள்விகள் மட்டும். டிக்கட் மஸ்கட் வரையா, சலாலா வரையா? நீங்களே எடுத்து அனுப்புவீர்களா, இல்லையென்றால் எந்தத் தேதிக்குள் காசைத் திருப்பித் தருவீர்கள்? பாடசாலை தரப்பிலிருந்து ஒப்பந்தம் முறிந்தால் திரும்பும் டிக்கட் யாருடையது? இப்படிக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று அவள் பயந்தாள். இதற்காக வேலை போகுமென்றால், போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை; சித்திக்குக் கடன் இருக்கிறது. ஆகவே மரியாதையான ஆங்கிலத்தில், நன்றியோடு தொடங்கி நன்றியோடு முடித்து எழுதினோம்.

நான்கு நாளில் பதில் வந்தது. சலாலா வரை தருவார்களாம். டிக்கட்டை அவளே எடுக்கவேண்டுமாம். முதலாவது சம்பளத்தோடு காசு வருமாம். மூன்றாவது கேள்வியை அவர்கள் பார்க்காததுபோல விட்டிருந்தார்கள். அதனை மட்டும் தனியாக மறுபடி கேட்டும், டிக்கட்டைப் பாடசாலையே எடுக்க முடியுமா என்று வினவியும் நேற்று இன்னொரு மின்னஞ்சல் போயிருக்கிறது. விசா இன்னும் வரவில்லை. சித்தி காப்பைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். பதில் வரும்வரை அலுமாரியில் வைக்கச் சொன்னேன்.